இடிந்தவை வீடுகள் மட்டுமா?

கோவில் இல்லாத ஊரில் குடியிருக்க வேண்டாம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். கோவிலை விட்டுவிட்டுக் குடிகளை அப்புறப்படுத்திய நகரம் ஒன்றும் உண்டு. அமெரிக்க நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள பாஸ்டனே அது. அந்நகரின் மையப் பகுதியை ஒட்டியிருந்த வெஸ்ட் எண்ட் என்னும் பேட்டை, 1958க்கும் 1960க்கும் இடையில் தரைமட்டமாக்கப்பட்டது. அங்கிருந்த புனித சூசையப்பர் கோவில் இடிபடாமல் நின்றது. அதன் மணியோசையைக் கேட்டுப் பழகிய பங்கு மக்களோ திசைக்கொருவராகச் சிதறிப் போயினர்.

நகரங்கள் வளர்வது இயல்பு. பழைய தெருக்கள் நெருக்கடியாவதும், கட்டடங்கள் மூப்படைவதும் இயல்பே. அவற்றைப் புதுப்பிக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பு இராது. ஆனால் எதை இடிப்பது, எதை விட்டு வைப்பது என்று தீர்மானிப்பவர் யார்? அங்கே குடியிருப்பவரா, அரசா, பணம் போடுபவரா? இக்கேள்விக்கு ஒரே நகரம் ஒரு தலைமுறைக் காலத்தில் வெவ்வேறு விடைகளைக் கண்டது. அவ்விடைகளை வரிசையாகப் பார்ப்பது, நகரங்களில் வாழும் நம் குடும்பங்களுக்குப் பயன் தரும்.

அதிகாரிகளின் கணக்கு

அதிகாரிகளின் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுவது முறை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாஸ்டன் நலிந்து கொண்டிருந்தது. 1950இல் 8 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள் தொகை, 1960இல் 7 லட்சத்திற்கும் கீழே இறங்கிற்று. வசதி படைத்தோர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். வரி வருவாய் சுருங்கியது. நகரைத் தூக்கி நிறுத்த வேண்டுமானால் பணமுள்ளவர்களை மீண்டும் உள்ளே அழைத்து வர வேண்டும் என்று மேயர் ஜான் ஹைன்ஸும் அவரைச் சார்ந்தோரும் கருதினார்கள்.

அதற்கு வழி காட்டியது 1949ஆம் ஆண்டின் மத்திய வீட்டு வசதிச் சட்டம். நகராட்சி ஒரு பகுதியைச் சேரி என அறிவிக்கலாம். நில ஆர்ஜித அதிகாரத்தால் அதனைக் கைப்பற்றலாம். கட்டடங்களை இடித்து, வெற்று நிலத்தைத் தனியார் கட்டட நிறுவனத்துக்குக் குறைந்த விலையில் கொடுக்கலாம். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையே விழும் நட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசே ஏற்றுக் கொள்ளும். ஒருவரிடமிருந்து பெற்ற நிலத்தை மற்றொரு தனியாரிடம் ஒப்படைப்பது முறையா என்ற ஐயம் எழுந்தபோது, நாட்டின் உச்ச நீதிமன்றம் 1954இல் அதற்கு இசைவு வழங்கியது.

சார்ல்ஸ் ஆற்றங்கரையில், நகர மையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், ஏறத்தாழ 48 ஏக்கர் பரப்பில் அமைந்திருந்தது வெஸ்ட் எண்ட். இடிக்கப்படும் காலத்தில் அங்கே சுமார் 7,000 பேர் வாழ்ந்தனர். இத்தாலியர், யூதர், போலந்து நாட்டவர், ஐரிஷ்காரர் என வந்தேறிக் குடும்பங்களே மிகுதி. தெருக்கள் குறுகலானவை, வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை, பல வீடுகளில் போதிய வசதிகள் இல்லை. வரைபடத்தை விரித்துப் பார்த்த அதிகாரிகளின் கண்ணுக்கு அது சேரியாகவே தென்பட்டது. 1953இல் திட்டம் அறிவிக்கப்பட்டது.

மக்கள் கண்ட வாழ்வு

வரைபடத்தில் தென்படாத ஒன்றைக் காண ஒருவர் அங்கேயே குடியேறினார். ஹெர்பர்ட் கான்ஸ் என்ற சமூகவியல் அறிஞர், 1957 அக்டோபர் முதல் 1958 மே வரை வெஸ்ட் எண்டில் வாடகை வீடெடுத்துத் தங்கினார். தாம் கண்டவற்றை 1962இல் ஒரு நூலாக வெளியிட்டார். நகரத்துக்குள்ளே ஒரு கிராமம் வாழ்வதை அவர் அங்கே கண்டார். குறிப்பிட்ட நாள்களில் மாலை வேளையில் உடன்பிறந்தாரும் மைத்துனரும் ஒரு வீட்டு அடுக்களை மேசையைச் சுற்றிக் கூடுவர். சன்னலோரம் அமர்ந்து தெருவைக் கவனிக்கும் மூதாட்டியின் பார்வையில் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் வளர்வர். வாடகை குறைவு என்பதனால், உழைப்பாளி ஒருவர் தம் ஊதியத்தில் மானத்தோடு குடும்பம் நடத்த முடிந்தது.

சேரி வேறு, குறைந்த வாடகைப் பகுதி வேறு என்று கான்ஸ் பிரித்துக் காட்டினார். மனிதரின் உடலுக்கும் உள்ளத்துக்கும் கேடு விளைவிக்கும் இருப்பிடமே சேரி. பழைய வீடுகள் இருப்பதனால் மட்டும் ஓரிடம் சேரியாகிவிடாது என்பது அவர் வாதம்.

வேறொரு கொடுமையும் நிகழ்ந்தது. திட்டம் அறிவிக்கப்பட்டதற்கும் இடிப்புத் தொடங்கியதற்கும் இடையே ஐந்தாண்டுகள் கடந்தன. இடிபடப் போகும் வீட்டை எவர் பழுது பார்ப்பார்? உரிமையாளர்கள் செலவு செய்வதை நிறுத்தினர். குடியிருந்தோர் சிலர் முன்கூட்டியே வெளியேற, வீடுகள் காலியாயின. சேரி என்று எழுதி வைத்த காகிதமே மெல்ல மெல்ல அப்பகுதியைச் சேரியாக்கத் தொடங்கிற்று.

மக்கள் எதிர்க்கவில்லையா? எதிர்த்தார்கள். வெஸ்ட் எண்டைக் காப்பாற்றக் குழுவொன்றும் தோன்றியது. பொது விசாரணைக் கூட்டத்தில் குரல்களும் எழுந்தன. எல்லாரும் ஒரே கருத்தினர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். விற்று வெளியேற விரும்பிய வீட்டு உரிமையாளரும் இருந்தனர். புறநகர் வாழ்வை நாடிய இளங் குடும்பங்களும் இருந்தன. ஆயினும் பெரும்பாலோரைத் தடுத்தது வேறொன்று. இத்தனை பேர் வாழும் இடத்தை அரசு இடித்துவிடும் என்று அவர்களால் நம்ப முடியவில்லை. ஆண்டுக்காண்டு வதந்தி வந்தது, போயிற்று. உறவினருக்குள் நெருக்கமாக வாழ்ந்த அம்மக்களுக்கு, உறவு வட்டத்துக்கு அப்பால் கூடி ஒரே குரலில் பேசிப் பழக்கமில்லை. 1958 வசந்த காலத்தில் நில ஆர்ஜிதக் கடிதங்கள் வாசலுக்கு வந்தபோது காலம் கடந்துவிட்டது.

துக்கம் காத்த உள்ளங்கள்

வெஸ்ட் எண்டை அடுத்திருந்த மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் பணியாற்றினார். 1942இல் பாஸ்டனின் கோக்கனட் குரோவ் கேளிக்கை விடுதியில் மூண்ட தீயில் 492 பேர் மாண்டபோது, அன்பரை இழந்தோரின் துயரத்தை ஆராய்ந்து பெயர் பெற்றவர் அவர். அவருடைய முயற்சியால், வெஸ்ட் எண்டிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் நிலையும் ஆராயப்பட்டது.

அவ்வாராய்ச்சியில் ஈடுபட்ட மார்க் ஃப்ரைட் 1963இல் வெளியிட்ட முடிவுகள் பலரைத் திடுக்கிட வைத்தன. பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடமும், ஆண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரிடமும் கடுந்துயரத்தின் அறிகுறிகள் காணப்பட்டன. இறந்தவருக்காக அழுவது போலவே அவர்கள் இழந்த வீட்டுக்காகவும் தெருவுக்காகவும் அழுதார்கள். குடிபெயர்ந்து இரண்டாண்டுகள் கழிந்த பின்னும் அத்துயரம் ஆறாதவர்கள் இருந்தனர். வாடகைச் சுமையும் ஏறியது. முன்பு மாதம் 41 டாலர் என்ற அளவில் இருந்த நடுத்தர வாடகை, புதிய இடங்களில் 71 டாலராக உயர்ந்ததென ஆய்வு காட்டிற்று.

இடித்த நிலத்தில் எழுந்தவை செல்வர்க்குரிய அடுக்குமாடிக் கட்டடங்கள். பழைய குடிகள் அவற்றின் வாடகையைக் கனவிலும் எட்ட முடியாது. ஆனாலும் அவர்கள் மறக்கவில்லை. 1985இல், தம் பேட்டையின் பெயராலேயே ஒரு சிற்றிதழைத் தொடங்கி, சிதறிய அண்டை வீட்டாரை எழுத்தில் ஒன்று சேர்த்தார்கள். 2015இல், பாஸ்டன் புனரமைப்பு ஆணையத்தின் இயக்குநர் அவர்களிடம் மன்னிப்புக் கோரினார். இடிப்புத் தொடங்கி 57 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைக் காதால் கேட்க எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பர்?

நடை தூரத்தில் மற்றொரு பேட்டை

வெஸ்ட் எண்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே நார்த் எண்ட் உள்ளது. அதுவும் இத்தாலியர் பேட்டை. அதுவும் குறுகிய தெருக்கள் நிறைந்தது. அதுவும் அதிகாரிகளின் ஏட்டில் சேரியே. அது தப்பிப் பிழைத்தது. 1959இல் அங்கே சென்ற ஜேன் ஜேக்கப்ஸ் என்ற எழுத்தாளர், 1961இல் வெளிவந்த தம் நூலில் அதைப் பற்றி விரிவாக எழுதினார்.

ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 8.8 பேர் என்பது நார்த் எண்டின் இறப்பு விகிதம். பாஸ்டன் நகரின் சராசரியோ 11.2. சிறார் குற்றங்களும் நோய்களும் அங்கே குறைவு. வங்கிகள் சேரிக்குக் கடன் கொடுப்பதில்லை. எனினும் வீடுகள் செப்பனிடப்பட்டு, வண்ணம் பூசப்பட்டு, துலங்கின. எப்படி? குடியிருந்தோரில் கொத்தனாரும் தச்சரும் மின்பணியாளரும் இருந்தனர். சொந்தச் சேமிப்பைக் கொண்டும், ஒருவர் வேலைக்கு மற்றவர் வேலையை ஈடாகக் கொடுத்தும், அவர்களே தம் வீடுகளைப் புதுப்பித்துக் கொண்டனர். வேண்டியிருந்தது இடிக்கும் எந்திரமன்று. கையில் கொஞ்சம் கடனும், நாளைக்கும் இங்கேயே இருப்போம் என்ற உறுதியுமே.

அப்பேட்டையின் பண்பாடும் அதனோடு நிலைத்தது. 1910இல் சிசிலித் தீவின் மீனவக் குடும்பங்கள் அங்கே தொடங்கிய தேவ அன்னையின் திருவிழாவும், 1919இல் தொடங்கிய புனித அந்தோனியார் திருவிழாவும் இன்றும் ஆகஸ்டு மாதத்தில் தெருக்களில் நடைபெறுகின்றன. சுரூபத்தைத் தோளில் சுமந்து செல்லும் பவனிக்குத் தெரு வேண்டும். தெருவுக்கு அங்கே வாழும் மக்கள் வேண்டும். இவ்வுண்மையை, தேர்ப்பவனி கண்டு வளர்ந்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

திருச்சபை எங்கே நின்றது?

பாஸ்டன் கத்தோலிக்கர் மிகுந்த நகரம். ஆகவே இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.

வெஸ்ட் எண்டில் கோவில் காக்கப்பட்டது, பங்கு காக்கப்படவில்லை. கல்லும் சுண்ணாம்பும் கொண்டது கோவில். உயிருள்ள மக்களைக் கொண்டது பங்கு. இரண்டில் எது திருச்சபை என்பது மறைக்கல்வி பயிலும் சிறுவருக்கும் தெரியும். வெஸ்ட் எண்ட் இடிக்கப்பட்ட பின், 1960களில், பாஸ்டன் புனரமைப்பு ஆணையத்தின் தலைவராக விளங்கியவர் மொன்சிஞ்ஞோர் பிரான்சிஸ் லாலி. உயர்மறைமாவட்ட வார இதழான 'த பைலட்' பத்திரிகையின் ஆசிரியரும் அவரே. பொது நலனுக்கென ஒரு குரு பொறுப்பேற்பதில் பிழையில்லை. ஆயினும் முடிவெடுக்கும் மேசையில் திருச்சபை அமரும்போது, அம்மேசைக்கு வெளியே நிற்கும் எளியவருக்காகப் பேச வேறு யார் எஞ்சுவர் என்ற கேள்வி எழாமல் இராது.

நமக்கு வழிகாட்டும் போதனைகள் இல்லாமலில்லை. சிறிய சமூகங்கள் தாமே செய்து கொள்ளக்கூடியதைப் பெரிய அமைப்புகள் பறித்துக் கொள்வது அநீதி என்று 1931இலேயே பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் தம் சுற்றுமடலில் போதித்தார். நகரப் பெருக்கம் மனிதனைத் தனிமையில் தள்ளுவதைப் பற்றி 6ஆம் சின்னப்பர் 1971இல் எழுதினார். இவற்றுக்கெல்லாம் மூத்தது நாபோத்தின் கதை. அரசன் ஆகாபு திராட்சைத் தோட்டத்துக்கு ஈடாக அதனினும் நல்ல தோட்டமோ, உரிய விலையோ தருவதாகத்தான் முதலில் கேட்டான். அரசன் பார்த்தது நிலத்தை. நாபோத்து பார்த்தது தன் மூதாதையரின் உரிமைச் சொத்தை. நட்ட ஈடு எவ்வளவு என்ற பேச்சோடு எல்லாம் முடிந்துவிடாது என்பதை விவிலியமே நமக்குக் காட்டுகிறது.

பாஸ்டன் திருச்சபையும் பாடம் கற்றது. நகர்ப்புற விவகாரங்களுக்கென உயர்மறைமாவட்டம் ஏற்படுத்திய திட்ட அலுவலகம், 1969 முதல் குறைந்த வருவாயினர்க்கு வீடுகள் கட்டத் துணை நின்று வருகிறது. பல ஆண்டுகளுக்குப் பின், வெஸ்ட் எண்டில் எஞ்சியிருந்த நிலத்தில் 1990களில் எழுந்த பல வருவாயினர்க்கான குடியிருப்பிலும் அதற்குப் பங்குண்டு.

குடிகளே திட்டமிட்டபோது

வெஸ்ட் எண்டின் சாம்பலிலிருந்து நாடே சில படிப்பினைகளைப் பெற்றது. நகரத் திட்டங்களில் மக்களின் பரந்த பங்கேற்பு வேண்டும் என 1966ஆம் ஆண்டுச் சட்டம் வற்புறுத்தியது. மத்திய அரசின் திட்டங்களால் இடம் பெயர்வோர்க்கு உதவி தர 1970இல் தனிச் சட்டம் வந்தது. பழைய புனரமைப்புத் திட்டமே 1974இல் முடிவுக்கு வந்தது. எனினும் சட்டத்தில் எழுதப்பட்டது தெருவில் நடக்க வேண்டுமானால், தெருவில் இருப்போர் எழ வேண்டும்.

பாஸ்டனின் சவுத் எண்டில் அது நிகழ்ந்தது. அங்கே பியூர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்த ஏழை மக்கள் வாழ்ந்த நிலம், புனரமைப்பு ஏட்டில் 19ஆம் மனைத் தொகுதி என்று குறிக்கப்பட்டது. 1968இல் அம்மக்கள், 19ஆம் தொகுதியை விட்டுப் பெயரமாட்டோம் என்று தம் மொழியில் முழங்கிச் சங்கமாயினர். மறுப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஜான் ஷாரட் என்ற கட்டடக் கலைஞரைத் துணைக்கழைத்து, தங்களுக்கு எத்தகைய வீடு வேண்டும் என்று தாங்களே திட்டம் தீட்டினர். தாய் நாட்டில் இருந்தது போன்ற நடுச் சதுக்கம் வேண்டும். தெருவைப் பார்த்த வாசல் வேண்டும் என்றனர். ஆணையம் இணங்கியது. 1970களில் எழுந்த வில்லா விக்டோரியா என்னும் அக்குடியிருப்பு இன்றும் நிலைத்துள்ளது.

ராக்ஸ்பரிப் பகுதியின் டட்லி தெருவிலோ நிலைமை இன்னும் மோசம். வீடுகள் பல தீக்கிரையாகி, வெற்று மனைகள் குப்பை மேடுகளாயின. 1984இல் நல்லெண்ணம் கொண்ட அறநிறுவனங்கள் கூடி, அப்பகுதியை மேம்படுத்த ஓர் அமைப்பை உருவாக்கின. 1985 பிப்ரவரியில் புனித பேட்ரிக் பங்குக் கோவிலில் மக்களைக் கூட்டித் திட்டத்தை விளக்கினர். மக்கள் எழுந்து ஒரு கேள்வி கேட்டனர்: எங்கள் ஊரைப் பற்றிய நிர்வாகக் குழுவில் எங்கள் இடம் எங்கே? கேள்வியின் நியாயத்தை அமைப்பாளர்கள் ஏற்றனர். குழு திருத்தியமைக்கப்பட்டது, குடியிருப்போரே அதில் பெரும்பான்மையினர் ஆயினர். கறுப்பர், லத்தீன் அமெரிக்கர், கேப் வெர்டித் தீவினர், வெள்ளையர் ஆகிய நான்கு இனத்தார்க்கும் சம இடங்கள் ஒதுக்கப்பட்டன.

1988இல், வெஸ்ட் எண்ட் மக்கள் கனவிலும் எண்ணியிராத ஒன்று நடந்தது. எந்த ஆணையம் நில ஆர்ஜித அதிகாரத்தால் அவர்களை வெளியேற்றியதோ, அதே ஆணையம் டட்லியின் வெற்று மனைகளின் மீது அவ்வதிகாரத்தை அங்குள்ள மக்கள் அமைப்புக்கே வழங்கிற்று. அம்மக்கள் நிலத்தை ஒரு பொது அறக்கட்டளையின் பெயரில் வைத்தனர். வீடு குடும்பத்துக்குச் சொந்தம். அடிநிலம் சமூகத்துக்குச் சொந்தம். நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தரப்படும். வீட்டை விற்கலாம், கொள்ளை இலாபத்துக்கு விற்க முடியாது. ஆகவே அடுத்து வரும் எளிய குடும்பத்துக்கும் அவ்வீடு எட்டும் விலையிலேயே கிடைக்கும்.

முடியாத விவாதம்

இடிப்பிலிருந்து தப்பிய பேட்டைக்கு வேறு ஆபத்தே இல்லையா? உண்டு. நார்த் எண்டின் அழகு ஊரெங்கும் பரவியதும் வாடகை ஏறிற்று. பழைய குடும்பங்கள் பல வெளியேற, உணவகங்களும் உல்லாசப் பயணிகளும் பெருகினர். கொள்ளை நோய்க் காலத்தில் தெருவிலேயே மேசை போட்டு உணவு பரிமாற நகராட்சி இடமளித்தது. கூச்சலையும் நெரிசலையும் தாங்காத குடியிருப்போர் முறையிட்டனர். 2022இல் நார்த் எண்ட் உணவகங்களுக்கு மட்டும் 7,500 டாலர் கட்டணம் விதிக்கப்பட்டது. 2023இல் அங்கே தெருவோரப் பரிமாறலே தடை செய்யப்பட்டது. உணவக உரிமையாளர் சிலர் நீதிமன்றம் சென்றனர். இரு தரப்பும் அதே பேட்டையினர். இரு தரப்பும் அதன் நலனையே பேசினர். மக்களின் குரல் ஒரே குரலாக என்றும் இராது. ஆனால் இவ்விவாதத்தில் ஒருவரும் வீடிழக்கவில்லை. பேச இடமிருந்தது, பேசியவர் நாளையும் அங்கேயே இருப்பர். அதுவே பெரிய வேறுபாடு.

பழையது எல்லாம் புனிதம் என்று இக்கட்டுரை கூறவில்லை. ஒழுகும் கூரையின் கீழ் வாழ்பவருக்குப் பழமையின் பெருமையைப் போதிப்பது இரக்கமற்ற செயல். சவுத் எண்டிலும் டட்லியிலும் புதிய வீடுகள்தாம் எழுந்தன. அங்கே முதலில் கேட்கப்பட்டது குடிகளின் விருப்பம். வரைபடம் பிறகு வந்தது. வெஸ்ட் எண்டில் வரைபடம் முதலில் வந்தது. குடிகளின் விருப்பம் கடைசி வரை வரவேயில்லை.

நம் நகரத்திலும் ஒரு நாள் திட்டம் ஒன்றைப் பற்றிய செய்தி வரலாம். அது வதந்தி, நம்மை ஒன்றும் செய்யாது என்று இருந்துவிடலாகாது. அறிவிப்பைக் கேட்டுப் பெற வேண்டும். படித்தவர் படிக்காதவர்க்கு வாசித்து விளக்க வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவரும் குடிமகனே என்று அவரையும் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். வேண்டாம் என்பதோடு நில்லாமல், வேண்டியது எது என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். கூடிப் பேசக் கூடம் இல்லையே என்று எவரும் தயங்க வேண்டியதில்லை. டட்லி தெரு மக்களுக்குப் பங்குக் கோவிலின் கதவு திறந்திருந்தது. நம் கோவில்களின் கதவுகளும் அத்தகைய கூட்டத்துக்குத் திறந்திருக்குமாயின், நாளைக்கு அங்கே மணியொலிக்கும்போது கேட்பதற்குப் பங்கு மக்களும் இருப்பார்கள்.